ஏறிவிட்டது என்கிறது கருவி

சர்க்கரை வியாதிக்காரர்கள் இருவர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு மாத்திரையில் தொடங்கிப் பாகற்காய்க்குத் தாவி, வெந்தயத்தில் சற்று இளைப்பாறி, கடைசியில் டாக்டரின் கட்டணத்தில் போய் முடிவது நெடுங்கால வழக்கம். சில வருஷங்களாக அந்த வரிசையில் புதிதாக ஒரு விஷயம் சேர்ந்திருக்கிறது. புஜத்தின் பின்புறத்தில், சட்டைக் கையின் மறைவில், பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே அகலமான, சர்க்கரையை அளந்து கைபேசிக்குச் சொல்லும் வெள்ளை வில்லை ஒன்றை ஒட்டிக்கொண்டு, பையில் கைபேசி கூவும்போதெல்லாம் நடையை நிறுத்தி, அதை எடுத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, மறுபடி பையில் போட்டுக்கொள்கிற மனிதர்களைக் காலை வேளைகளில் பூங்காக்களில் காண்கிறேன். அவர்களில் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், என்னோடு நடப்பவர், ஒருநாள் வெகு கோபமாகச் சொன்னார்: "சார், இது சும்மா சும்மா கத்துது சார். 254-ன்னு கத்துது. விரல்ல குத்திப் பார்த்தா 228. ஆயிரக்கணக்குல பணம் குடுத்து ஒரு பொய்யனை வாங்கிக் கையில ஒட்டிக்கிட்டிருக்கேன்."

அவருடைய பிராதை நான் அலட்சியம் செய்யவில்லை. நானும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவன். அதே ஜாதி வில்லை என் புஜத்திலும் இருக்கிறது. ஆனால் அவர் கேட்ட கேள்வியில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன என்பது என் அபிப்பிராயம். கருவி காட்டும் எண் எவ்வளவு சரி என்பது ஒன்று. அந்த எண்ணை வைத்துக்கொண்டு அது எழுப்பும் கூப்பாடு எவ்வளவு சரி என்பது மற்றொன்று. முதலாவதைப் பற்றிக் கம்பெனிக்காரர்கள் விளம்பரங்களில் நிறையச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டாவதோ, சர்க்கரை அந்த வேளையில் மேலே போகிறதா கீழே வருகிறதா, எவ்வளவு வேகத்தில், கோட்டை நாம் எங்கே கிழித்து வைத்திருக்கிறோம் என்பவற்றையெல்லாம் பொறுத்தது. அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

உயர் சர்க்கரைக்கு எச்சரிக்கை என்பது கைபேசி யுகத்தில் பிறந்த விஷயம் அன்று. மனித சரீரத்துக்குள்ளேயே அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதற்குப் பெயர் சிறுநீரகம். நூறு மில்லிலிட்டர் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராம் என்ற எல்லையை எட்டும்வரை (இனி எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டு போகிறேன்), சிறுநீரகம் வடிகட்டிய சர்க்கரையை வீணாக்காமல் உடம்புக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது; அந்த எல்லையைத் தாண்டினாலோ, தன்னால் ஆகாது என்று மிச்சத்தைச் சிறுநீரில் விட்டுவிடுகிறது. என் தகப்பனார் காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்த பரீட்சை இந்த விசித்திரத்தின் மீதுதான் நின்றது. கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லி பெனடிக்ட் திரவம், அதில் எட்டுச் சொட்டு சிறுநீர், மரக் கிடுக்கியால் குழாயைப் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினால், நீலம் நீலமாகவே இருந்தால் அன்றைக்கு அவருக்கு இரண்டு இட்லி கூடுதல். பச்சையானால் ஒரு முணுமுணுப்பு. மஞ்சளாகி, ஆரஞ்சாகி, செங்கல் நிறத்துக்குப் போய்விட்டால் வீடே நிசப்தமாகிவிடும். 1954-இல் பேராசிரியர் மு. விசுவநாதன் ராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே மருத்துவமனை தொடங்கிய காலத்திலும், நோயாளியின் கையில் இருந்த சாதனம் இந்தக் கண்ணாடிக் குழாய்தான்.

அந்த எச்சரிக்கை மெய்யா பொய்யா என்று அப்போது யாரும் விவாதித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. விவாதிக்க நிறைய இடம் இருந்தது. இரவு முழுவதும் சேர்ந்த சிறுநீர் காலை ஆறு மணிக்குச் செங்கல் நிறம் காட்டினால், அது நள்ளிரவின் சர்க்கரையைச் சொல்கிறதே ஒழிய அந்த ஆறு மணியின் சர்க்கரையை அல்ல. அதோடு, வயது ஏற ஏற, வியாதி பழசாக ஆக, சிறுநீரகத்தின் எல்லையும் பலருக்கு 180-இலிருந்து மேலே நகர்ந்துவிடுகிறது. ரத்தத்தில் 220 ஓடிக்கொண்டிருக்கையிலும் குழாய் சாதுவாக நீலம் காட்டிக்கொண்டிருக்கும். ஆக, தாமதம், தவறவிடுதல் என்ற இரண்டு தோஷங்களும் அந்தக் குழாயிலேயே இருந்தன. இப்போதைய வில்லையில் மணிக்கணக்கான தாமதம் நிமிஷக் கணக்காகச் சுருங்கியிருக்கிறது. தோஷத்தின் சுபாவம் அதேதான்.

நிமிஷக் கணக்கிலும் ஏன் தாமதம் என்பதற்கு, அந்த வில்லைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். தலைமயிரைவிடச் சற்றுத் தடித்த ஒரு சிறு கம்பி தோலுக்குள் நுழைந்து நிற்கிறது. அது நிற்பது ரத்தக் குழாயில் அன்று. உயிரணுக்களுக்கு இடையே ஊறிக்கிடக்கும் திசுநீரில். கம்பியின் மீது பூசப்பட்ட குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்னும் நொதி, அங்கே வந்துசேரும் சர்க்கரையோடு வினைபுரிகிறது. அந்த வினையால் எழும் மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கருவி அளந்து, அதைச் சர்க்கரை அளவாக மாற்றிக் காட்டுகிறது. நொதியையும் மின்முனையையும் இப்படி இணைக்கலாம் என்ற யோசனையை அமெரிக்க விஞ்ஞானி லீலண்ட் கிளார்க்கும் அவருடைய சகா சாம்ப் லயன்ஸும் வெளியிட்டது 1962-இல். ஆய்வுக்கூடத்திலிருந்து மனிதனுடைய தோலுக்கு வந்துசேர அதற்கு மேலும் முப்பத்தேழு வருஷங்கள் பிடித்தன: மினிமெட் நிறுவனத்தின் கருவிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999-இல் அனுமதி தந்தது. அந்த முதற் கருவி வாயைத் திறக்காது. சில நாள் அணிந்துவிட்டு டாக்டரிடம் கொண்டு கொடுத்தால், அவர் கணினியில் இறக்கிப் பார்த்து, முந்தின வாரம் உமக்குச் சர்க்கரை ஏறியிருந்தது என்று சொல்வார். 2014-இல் ஐரோப்பாவில் வந்த, அபாட் நிறுவனத்தின் முதல் லிப்ரேயும் தானாகக் கூவாது. ரீடர் என்ற கைக்கருவியை அருகே கொண்டுபோனால்தான் பதில் சொல்லும். தானாகக் கூவுகிற குணம் டெக்ஸ்காம் போன்ற கருவிகளிலும், பின்னர் லிப்ரே 2-இலும் வந்தது. அதன் பிறகுதான் பொய்யன் என்ற பட்டமும் வந்தது.

ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரை திசுநீருக்குக் கசிந்து வர ஐந்து முதல் பத்து நிமிஷம் ஆகிறது. மின்னோட்டத்தின் சிறு நடுக்கங்களைச் சமன்செய்வதற்காகக் கருவிக்குள் நடக்கும் கணக்கு, அதன்மேல் இன்னும் சிறிது தாமதத்தைச் சேர்க்கலாம். சர்க்கரை ஒரே நிலையில் நிற்கும்போது இதனால் யாதொரு பாதகமும் இல்லை. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு விரலிலும் வில்லையிலும் பார்த்தால் இரண்டும் சமர்த்தாக ஒத்துப்போவது இதனால்தான். ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அந்த வேளையைத் தேர்ந்தெடுப்பது நியாயம். வெண்பொங்கலும் வடையும் சாப்பிட்ட முக்கால் மணி நேரத்தில் இரண்டையும் ஒப்பிட்டுவிட்டுக் கருவியைத் திட்டுவது நியாயம் ஆகாது. அப்போது திரையில் அம்பு செங்குத்தாக மேல்நோக்கி நிற்கும். நிமிஷத்துக்கு 2-க்கும் அதிகமான வேகத்தில் சர்க்கரை ஏறுகிறது என்று அதற்கு அர்த்தம். நிமிஷத்துக்கு 3 வீதம் ஏறுகிறதென்று வைத்துக்கொண்டால், பத்து நிமிஷத் தாமதத்தில் 30 ஆகிவிட்டது. கைபேசி 250 என்று கூவும்போது ரத்தத்தில் 280 இருக்கும். ஏறுமுகத்தில் அலாரம் மிகைப்படுத்திச் சொல்லவில்லை, குறைத்தே சொல்கிறது. அது அடித்தால் நம்பலாம், நியாயமாக இன்னும் முன்னதாகவே அடித்திருக்கவேண்டும். என் வீட்டில் அதைவிட முன்னதாக அடிக்கிற அலாரம் ஒன்று உண்டு. சென்ற தையில் ஒரு கல்யாணப் பந்தியில் கைபேசி கூவியபோது என் மனைவி இலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "நீங்க ரெண்டாம் தடவை பாயசம் வாங்கும்போதே எனக்குத் தெரியும்."

இறங்குமுகத்தின் கதை வேறு. உயர் எச்சரிக்கையின் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். இன்சுலின் வேலை செய்யத் தொடங்கி, ரத்தத்தில் சர்க்கரை நிமிஷத்துக்கு 2 வீதம் கீழே வந்துகொண்டிருக்கையில், திசுநீர் பத்து நிமிஷத்துக்கு முந்தின சேதியைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். ரத்தம் 235-க்கு வந்துவிட்டது, திரையில் 255. மனிதர் ஒரு மணி நேரத்துக்கு முன்பு ஊசி போட்டுக்கொண்டவர். அலாரம் மறுபடி கூவுகிறது. போட்ட ஊசி பலிக்கவில்லை போலிருக்கிறது என்று அவர் இன்னொன்று போட்டுக்கொள்கிறார். விரைவாக வேலை செய்யும் இன்சுலின் உச்ச பலத்துக்கு வரவே ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். அதன் சக்தி முற்றிலும் அடங்க நாலைந்து மணி நேரம்கூடப் பிடிக்கும். முதல் ஊசியின் தோள்மேல் இரண்டாவது ஊசி ஏறி உட்கார்ந்துகொள்ள, நடுநிசியில் சர்க்கரை பாதாளத்துக்குப் போய்விடுகிறது.

நம் தலைமையாசிரியருக்கே இது நடந்தது. பேரனுடைய பிறந்தநாள், இரவு எட்டரை மணிக்குப் பிரியாணி, அதன்மேல் கேக். ஒன்பதரைக்கு 286 என்று கைபேசி சொல்ல, டாக்டர் எழுதிக்கொடுத்திருந்த கணக்குப்படி ஊசி போட்டுக்கொண்டார். பத்தரைக்கு மறுபடி அலாரம்: 258. மருமகள் எட்டிப்பார்த்து, "மாமா, அம்பு கீழ பார்த்துக்கிட்டிருக்கு பாருங்க, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவருக்கு அம்பைவிட எண்ணின் மீது நம்பிக்கை அதிகம். நாற்பது வருஷம் மதிப்பெண் போட்டவர். இன்னும் ஆறு யூனிட் ஏற்றிக்கொண்டார். இரவு இரண்டு மணிக்கு வேர்த்துக் கொட்டி, கைகள் நடுங்க எழுந்து உட்கார்ந்தபோது விரல் சோதனையில் 54. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துத் தேற்றியவள் அந்த மருமகள்தான். பத்தரை மணியின் 258 முழுப் பொய் அன்று. அது பழைய உண்மை. அந்த அலாரத்தை ஆய்வுக்கூடத்துக் கணக்கில் சேர்த்திருந்தால் மெய்யான எச்சரிக்கை என்றே பதிவாகியிருக்கக்கூடும்.

ஏனெனில் ஆய்வுகளில் எச்சரிக்கையின் மெய்யைத் தீர்மானிக்கும் முறை அப்படி. அலாரம் அடித்த கணத்துக்கு முன்னோ பின்னோ பதினைந்து நிமிஷத்துக்குள் ஆய்வுக்கூட ரத்தச் சோதனை அந்தக் கோட்டுக்கு மேலே இருந்திருந்தால் அது மெய் எச்சரிக்கை, இல்லாவிட்டால் பொய். மறுபுறத்தில், ரத்தத்தில் சர்க்கரை கோட்டைத் தாண்டியிருந்தும் அதே அவகாசத்துக்குள் அலாரம் அடிக்காவிட்டால் அது தவறவிட்ட எச்சரிக்கை. கருவியோடு வருகிற தடித்த கையேட்டின் பின்பக்கங்களில், ஒருவரும் புரட்டாத இடத்தில், வெவ்வேறு கோடுகளுக்கு இந்த இரண்டு கணக்குகளையும் தனித்தனியே அட்டவணை போட்டிருப்பார்கள். விளம்பரத்தில் வரும் எண் இவற்றில் எதுவும் அன்று. அது சராசரிப் பிழை வீதம்: ஆய்வுக்கூட அளவிலிருந்து கருவி சராசரியாக எத்தனை சதவிகிதம் விலகுகிறது என்பது. முதல் லிப்ரேக்கு அது 11.4 சதவிகிதம், டெக்ஸ்காம் ஜி6-க்கு 9, ஜி7-ஐப் புஜத்தில் அணிந்த பெரியவர்களுக்கு 8.2. வருஷத்துக்கு வருஷம் இந்த எண் குறைந்துகொண்டு வருவது சந்தோஷமான விஷயம்தான். ஆயினும் சராசரி என்பது சராசரி. ஏறும்போதும் இறங்கும்போதும் நேரும் பெரிய பிழைகளை, நிலையாக இருக்கும் நெடிய நேரங்களின் சிறு பிழைகள் மூடி மறைத்துவிடுகின்றன; அலாரம் அடிப்பதோ பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான்.

2018-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பிற கருவிகளோடு இணைந்து வேலை செய்யத் தகுந்த சென்சார்களுக்கென்று ஒரு வகுப்பை ஏற்படுத்தி, கறாரான நிபந்தனைகளை எழுதிவைத்தது. சர்க்கரை 180-க்கு மேல் இருக்கையில், கருவி காட்டும் அளவுகளில் குறைந்தபட்சம் 80 சதவிகிதமாவது மெய்யளவுக்கு 15 சதவிகிதத்துக்குள் விழவேண்டும், அதையும் புள்ளியியல் உறுதியோடு காட்டவேண்டும் என்பது அவற்றில் ஒன்று. கருவி 180-க்கு மேல் காட்டும்போது மெய்யில் 70-க்குக் கீழே இருக்கும் விபரீதம் ஒரு தடவைகூட நேரக்கூடாது என்பது இன்னொன்று. இன்சுலின் போட்டுக்கொள்கிறவனுக்கு இதைவிடப் பெரிய அபயம் வேறில்லை. ரத்தத்தில் வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும்போது கருவி ஏறுமுகம் காட்டுவது நூற்றில் ஒன்றுக்கு மிகக்கூடாது என்றும் ஒரு விதி உண்டு. இந்த மூன்றாவதை எழுதியவர் யாரோ, அவர் வியாதியஸ்தர்களின் வீடுகளில் இரவு தங்கிப் பார்த்தவராக இருக்கவேண்டும்.

முதல் நிபந்தனையை எண்ணில் போட்டுப் பார்ப்போம். மெய்யளவு 250; பதினைந்து சதவிகிதம் என்பது 37.5. கருவி 213 காட்டினாலும் 287 காட்டினாலும் சட்டப்படி நல்ல கருவிதான். அப்படியானால் தலைமையாசிரியர் நீதிபதியாக அமர்த்திய விரல் சோதனைக் கருவியின் யோக்கியதை என்ன? குளுக்கோமீட்டர்களுக்கான சர்வதேசத் தரம், 2013-இல் திருத்தப்பட்டது, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முடிவுகள் அதே 15 சதவிகிதத்துக்குள் இருந்தால் போதும் என்கிறது. உண்மை 241 என்றால், மீட்டர் 228 காட்டுவதும் வில்லை 254 காட்டுவதும் இரண்டுமே மரியாதைக்குள் அடங்கிய பிழைகள். ஒன்றைச் சாட்சியாக வைத்து மற்றொன்றைப் பொய்யன் என்பதற்கு ஆதாரம் போதாது. போதாக்குறைக்கு விரல் என்று ஒன்று இருக்கிறது. மாம்பழம் நறுக்கிய கையை வேட்டியில் துடைத்துவிட்டு ஊசியால் குத்திப் பாருங்கள். மீட்டர் அளப்பது உம்முடைய ரத்தத்தையும் பங்கனபள்ளியையும் சேர்த்து. 2011-இல் ஜப்பானிய மருத்துவர்கள், பழம் உரித்த விரலில் எடுத்த ரத்தம் மெய்யைவிட வெகுவாக உயர்ந்த அளவு காட்டுவதையும், ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால்கூட அந்தப் பிழை போகாததையும், குழாய்த் தண்ணீரில் கழுவினால் போய்விடுவதையும் பரீட்சித்துக் காட்டினார்கள். என் வீட்டில் கோடை காலத்தில் எந்த உயர் எச்சரிக்கையைச் சரிபார்ப்பதற்கும் முதற் படி குழாயடிக்குப் போவதுதான்.

இனிக் கோட்டின் விஷயம். கோடு என்பது நாம் கிழிப்பது. லிப்ரே 2-ஐ அட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது உயர் எச்சரிக்கைக் கோடு 240-இல் இருக்கும். அதை 120 வரை இறக்கலாம், 400 வரை ஏற்றலாம். கட்டுப்பாட்டில் ஆசை மிகுந்தவர்கள் உற்சாகத்தில் 160 என்று வைத்துக்கொள்கிறார்கள். இட்லி சாப்பிட்டால் அடிக்கிறது, தோசை சாப்பிட்டால் அடிக்கிறது, ஒரு சமயம் மனக்கவலையிலும் அடிக்கிறது. ஒரு வாரத்துக்குள் அந்த ஓசை வீட்டுக்கு வெளியே போகும் ஆட்டோவின் ஹாரன் போலக் காதுக்கு மரத்துப்போக, பத்தாம் நாள் அலாரத்தையே அணைத்துவிடுகிறார்கள். அந்த அலாரங்களில் பெரும்பாலானவை மெய்யானவைதான். மெய்யாக இருந்தும் பிரயோஜனம் இல்லாதவை. 2019-இல் சர்வதேச நிபுணர்கள் கூடி எழுதிய இணக்க அறிக்கையிலேயே, பெரும்பாலான நோயாளிகளுக்கு நாளின் நேரத்தில் 70 சதவிகிதத்துக்கு மேல் 70-க்கும் 180-க்கும் இடையே இருந்தால் நல்லது, 180-க்கு மேல் கால் பங்குக்குக் குறைவாகப் போய் வரலாம், 250-க்கு மேல் 5 சதவிகிதத்துக்கு மிகவேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நிபுணர்களே ஒரு நாளில் சில மணி நேரம் மன்னித்துவிடுகிற ஓர் எல்லைக்கு நாம் மணி கட்டிவைப்பானேன்? அந்த 180, பழைய சிறுநீரகக் கோட்டோடு அப்படியே பொருந்தியிருப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது; தகப்பனாரின் கண்ணாடிக் குழாய் அப்படியொன்றும் பத்தாம்பசலி அன்று.

கோட்டை உயர்த்தி வைத்தால் தொல்லை குறைகிறது, தவறவிடுவது கூடுகிறது. தாழ்த்தினால் நேர்மாறாக ஆகிறது. எந்தக் கம்பெனியின் எந்தப் புதிய மாதிரியும் இந்தப் பேரத்திலிருந்து முற்றிலும் தப்பியதில்லை. ஆனால் உயர் எச்சரிக்கைக்கும் தாழ் எச்சரிக்கைக்கும் அவசரத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. 55-க்குக் கீழே போகிறவனுக்குக் கையில் இருப்பது நிமிஷங்கள். 280-இல் இருக்கிற என் போன்ற இரண்டாம் வகைக்காரனுக்கு மணிக்கணக்கில் அவகாசம் இருக்கிறது. கால் மணி நேரம் பொறுத்து, கையைக் கழுவி, விரலில் பார்த்து, அம்பு எந்தப் பக்கம் நிற்கிறது என்று நிதானித்துச் செய்ய அது தாராளமாகப் போதும். இதற்கு விலக்கு ஒன்று இருக்கிறது, அதை அழுத்தியே சொல்லவேண்டும்: முதல் வகை நோயுள்ள குழந்தைகள், அதிலும் பம்ப் மூலம் இன்சுலின் செலுத்திக்கொள்கிறவர்கள். பம்பின் மெல்லிய குழாய் எங்காவது மடங்கியோ அடைத்தோ போய்விட்டால், உடம்பில் சேமிப்பாக வேறு இன்சுலின் கிடையாது. சில மணி நேரத்தில் ரத்தம் அமிலமாகி, கீட்டோன்கள் பெருகி, வாந்தியும் மூச்சிரைப்புமாக மருத்துவமனைக்கு ஓட நேரும். அப்படிப்பட்ட வீட்டில் சர்க்கரை 250-க்கு மேல் சென்று இறங்க மறுத்தால், அது கோட்டின் துல்லியத்தைப் பற்றித் தர்க்கம் செய்யும் சமயம் அன்று. விரல் சோதனையும் கீட்டோன் சோதனையும் உடனே செய்யவேண்டிய சமயம்.

பொய்யான உயர்வு முழுக்க முழுக்க ரசாயனத்தால் நேர்வதும் உண்டு. இதை நம்மவர்கள் பலர் அறியார்கள். கம்பியின் நுனியில் மின்னோட்டம் எழுவது சர்க்கரையால்தான் என்று கருவி நம்பிக்கொண்டிருக்கிறது. பாராசிட்டமால் ரத்தத்தில் ஓடினால், சிலவகைச் சென்சார்களில் அதுவும் அந்த மின்முனையில் ஆக்ஸிகரணம் அடைந்து தன் பங்குக்கு மின்னோட்டத்தைக் கூட்டிவிடும். ஜி5 வரையிலான டெக்ஸ்காம் கருவிகளில் இந்தக் கோளாறு இருந்தது. ஜி6-இலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு கிராம் வரை பாதகமில்லை என்கிறார்கள். வேறு சில கருவிகளில் இன்றும் இருக்கிறது. ஜுரம் வந்தால் டாக்டரைக் கேளாமலே அந்த மாத்திரையை விழுங்குகிற நம் தேசத்தில், ஜுரத்தோடு வந்த உயர் எச்சரிக்கையை மூன்று விதமாக அர்த்தம் பண்ணலாம்: ஜுரமே சர்க்கரையை ஏற்றியிருக்கலாம், மாத்திரை கருவியை ஏமாற்றியிருக்கலாம், இரண்டும் சேர்ந்திருக்கலாம். லிப்ரே 2-க்குப் பாராசிட்டமாலோடு பகை இல்லை. அதற்கு வைட்டமின் சி ஆகாது. நாளுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போனால் காட்டும் அளவு மெய்யைவிட உயரலாம் என்று கையேடு எச்சரிக்கிறது. மருந்துக் கடையில் மிட்டாய் போல வாங்கிச் சப்புகிற ஆரஞ்சு மாத்திரை ஒன்றிலேயே 500 மில்லிகிராம் இருக்கிறது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றால் எல்லை தாண்டியாயிற்று. சில ரத்த நோய்களுக்குத் தரும் ஹைட்ராக்ஸியூரியா, டெக்ஸ்காம் கருவிகளில் பெரிய அளவில் பொய் உயர்வைக் காட்டும். அந்த மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இந்த எண்ணை வைத்து இன்சுலின் போடலாகாது. புதிதாக ஒட்டிய முதல் நாளில் கம்பி தோலுக்குள் செய்த சிறு காயம் ஆறும்வரை எண்கள் சற்றுத் தள்ளாடுவதும் சகஜம். ஒருக்களித்துப் படுத்து வில்லையின் மேலேயே அழுத்திக்கொண்டு தூங்கினால் நேர்வது எதிர்மாறு: எண் பொய்யாகக் கீழே போகும், உள்ளே மெய்யான உயர்வு இருந்தால் அதையும் மறைத்துவிடும்.

தயாரிப்பிலேயே தவறு நேர்ந்த சந்தர்ப்பமும் உண்டு. 2024 ஜூலையில், லிப்ரே 3 சென்சார்களில் மூன்று தொகுதிகள் மெய்யைவிட உயர்ந்த அளவு காட்டக்கூடும் என்று அபாட் நிறுவனமே அமெரிக்காவில் அறிவித்து, அவற்றைக் கழற்றி எறியச் சொன்னது. சென்சார் பெட்டியின் மேலட்டையைத் தூக்கி எறியாமல் தொகுதி எண்ணுக்காக எடுத்துவைக்கும் பழக்கத்தை அதற்குப் பிறகு நான் கைக்கொண்டேன்.

எண் சரி, கோடும் சரி, ஓசை மட்டும் வரவில்லை என்பதும் ஒரு பிழைதான். ஒருவேளை எல்லாவற்றிலும் மோசமான பிழை. 2016-இல் டெக்ஸ்காமின் ரிசீவர்களில் ஒலி எழும்பாமல் போகலாம் என்று கண்டு அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். ஒலிபெருக்கிக் கோளாறு 2025-இலும் அவர்களுடைய புதிய ரிசீவர்களில் தலைகாட்டியது. 2019 நவம்பர் இறுதியில், அமெரிக்காவில் விடுமுறை வாரம், குழந்தையின் சர்க்கரையைத் தூரத்திலிருந்து பெற்றோர் பார்க்க உதவும் அவர்களுடைய சேவை நள்ளிரவில் நின்றுபோக, அலாரம் அடிக்காததை நிம்மதி என்று எண்ணித் தூங்கிய பெற்றோர் எத்தனையோ பேர். 2025 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விடுத்த எச்சரிக்கை இன்னும் சாதாரணமான காரணங்களைச் சொன்னது: கைபேசியின் மென்பொருளைப் புதுப்பித்தது, புளூடூத் ஹெட்ஃபோன் இணைத்தது, அறிவிப்புகளின் அமைப்பை மாற்றியது என்று இவற்றாலேயே சர்க்கரை அலாரங்கள் மௌனமாகியிருக்கின்றன. ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுத் தூங்குகிற நம் பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை சொல்லிவைப்பது நல்லது.

என் சொந்த ஏற்பாட்டைக் கேட்பவர்களுக்காக: என் டாக்டரோடு பேசி, கோட்டை 250-இல் வைத்திருக்கிறேன். அடித்தால் முதலில் அம்பைப் பார்ப்பேன். அம்பு மேலே நின்றால் எண்ணை நம்பி, அவர் எழுதிக்கொடுத்த கணக்குப்படி செய்வேன். கீழே நின்று, கடைசி ஊசி நாலு மணி நேரத்துக்கு உட்பட்டதாக இருந்தால், அலாரத்தை அடக்கிவிட்டு அரை மணி கழித்துப் பார்ப்பேன். கிடையாக நின்று எண் மட்டும் நம்பமுடியாமல் இருந்தால் கையைக் கழுவி விரலில் குத்துவேன். பகலில் 180-ஐத் தாண்டிய சங்கதிகளை அலாரம் இல்லாமலே இரவு படுக்கும் முன் வரைபடத்தில் பார்த்துக்கொள்கிறேன். எந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் என்பது அதில் தெளிவாகத் தெரிந்துவிடுகிறது, அலாரத்தால் அது தெரிவதில்லை. தலைமையாசிரியரும் தம்முடைய 160-ஐ இப்போது 240-க்கு உயர்த்திவிட்டார். மருமகள் இரவில் தன் கைபேசியிலும் அவருடைய எண்ணைப் பார்க்கும்படி ஏற்பாடு செய்துகொண்டாள். அவருடைய சம்மதத்தை அவள் கேட்டதாகத் தெரியவில்லை.